பிழை எங்கே? ஊகிக்காதீர்கள், டிபக்கரைக் கேளுங்கள்!

புரோகிராம் எழுதுபவர்களில் இரண்டு வகை உண்டு. பிழை வந்தவுடன் "எங்கே தவறு?" என்று தேடுபவர்கள் ஒரு வகை. "யார் செய்த தவறு?" என்று தேடுபவர்கள் இன்னொரு வகை. நான் நெடுநாள் இரண்டாவது வகையில்தான் இருந்தேன். மவுஸ் கூடத் தேவைப்படாத ஒரு கறுப்புத் திரை என்னை மாற்றியது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வீட்டில் புரோகிராமிங் கற்கும் உங்களுக்கு ஒரு யோசனையும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் கற்காத பாடம்

பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தேன். முதலாண்டு சி லேபில் எங்களுக்குக் கிடைத்தது டாஸ்பாக்ஸில் ஓடும் டர்போ சி. நீலத் திரை நினைவிருக்கிறதா? கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் புரோகிராம் ஓடும். ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். விடை சரியாக வந்தால் ரெக்கார்டு நோட்டில் அல்காரிதம், புரோகிராம், அவுட்புட் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். விடை தவறாக வந்தால்? பக்கத்து சீட்டு நண்பனின் புரோகிராமைப் பார்த்து வரிக்கு வரி ஒப்பிடுவோம். அவ்வளவுதான்!

அதே டர்போ சியில் எஃப்7, எஃப்8 என்று இரண்டு கீகள் இருந்தன. புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்க உதவும் கீகள் அவை. நான்கு ஆண்டுகளில் ஒருவரும் அவற்றை அழுத்திப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிராக்டிகல் தேர்வில் அதற்கு மார்க் கிடையாதே!

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பிரிண்ட்எஃப். சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் "இங்கே வந்தேன் 1", "இங்கே வந்தேன் 2" என்று அச்சிடும் வரிகளைச் சேர்ப்பேன். பிழை கிடைத்தால் சேர்த்ததை எல்லாம் நீக்குவேன். கிடைக்காவிட்டால் இன்னும் சேர்ப்பேன். இந்த ஒரு வைத்தியத்தோடுதான் வேலைக்கும் போனேன்.

மளிகைக் கடையில் வந்த பிழை

கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அப்போது இருந்தேன். லினக்ஸில் ஓடும் சி புரோகிராம். நான் சேர்ந்து மூன்றாவது ஆண்டு நடந்து கொண்டிருந்தது. எங்கள் குழுவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பொருள்களின் பெயரைத் தமிழிலேயே அடிக்கலாம், இரவு கணக்கு முடிக்கும்போது ஸ்டாக் அறிக்கையும் தமிழிலேயே வரும் என்ற புதிய வசதியைக் கொடுத்தோம். அறிக்கை தயாரிக்கும் பகுதியை அந்தப் பையன் எழுதினான்.

புதிய பதிப்பைப் போட்ட ஒரே வாரத்தில் ஒரு மளிகைக் கடையிலிருந்து போன் வந்தது. பகலில் பில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. இரவு கணக்கு முடிக்கும்போது மட்டும் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று ஒரு வரி வந்து புரோகிராம் நின்று விடுகிறது. கடைக்காரர் இரவு பதினோரு மணிக்கு மேல் கையால் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார்.

காலையில் மீட்டிங். மேனேஜர் என்ன காரணம் என்று கேட்டார். நான் ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்க்காமல், "புதுசா எழுதின அறிக்கை கோடுலதான் சார் பிரச்சினை, மத்ததெல்லாம் ரெண்டு வருஷமா ஓடுது" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அந்தப் பையனுக்கு விழுந்த திட்டை இன்றும் மறக்க முடியவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் இரவு ஆபீஸிலேயே இருந்து, தான் எழுதிய இருநூறு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான், மாற்றினான். கடையில் புரோகிராம் அதே இடத்தில் விழுந்து கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள், விடுப்பில் இருந்த எங்கள் மூத்த இன்ஜினியர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் சார் என்று கூப்பிடுவோம். விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "கோர் ஃபைல் இருக்கா?" மூன்று நாளாக ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

விழுந்த இடம், தள்ளிய இடம்

கோர் ஃபைல் என்றால் என்ன? புரோகிராம் விழும் அந்த நொடியில் அதன் மெமரி எப்படி இருந்ததோ, அதை அப்படியே லினக்ஸ் ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் மெமரியாக இருந்தவை காந்த வளையங்கள். அவற்றுக்குக் கோர் என்று பெயர். அந்தப் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. கடையின் கம்ப்யூட்டரில் கோர் ஃபைல் எழுதும் வசதி இயக்கத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

சார் அதை எடுத்து வரச் சொல்லி, கறுப்புத் திரையில் ஜிடிபி என்று அடித்து, புரோகிராமின் பெயரையும் கோர் ஃபைலின் பெயரையும் கொடுத்தார். பிறகு "பிடி" என்று இரண்டே எழுத்து. பேக்டிரேஸ் என்பதன் சுருக்கம் இது. எந்த ஃபங்ஷனை எந்த ஃபங்ஷன் அழைத்து, கடைசியில் எங்கே வந்து நின்றது என்ற பட்டியல் வந்தது. மொத்தம் மூன்று வரி. கீழே மெயின். அதற்கு மேல் கணக்கு முடிக்கும் ஃபங்ஷன். எல்லாவற்றுக்கும் மேலே, விழுந்த இடத்தில், அந்தப் பையன் எழுதிய அறிக்கை ஃபங்ஷன்!

"பார்த்தீங்களா சார், அவன் ஃபங்ஷன்தான்" என்றேன். சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இது ஆள் விழுந்த இடம். தள்ளினது யாருன்னு இன்னும் தெரியலையே" என்றார்.

அடுத்து "பிரிண்ட்" கட்டளையில், அந்த வரி எந்த பாயிண்டரைப் படிக்க முயன்றதோ அதன் மதிப்பைக் கேட்டார். ஹெக்ஸ் எண்ணில் விடை வந்தது: 81 ஏஎஃப் ஈ0 ஏஏ ஏஈ ஈ0 8டி ஏஎஃப். எனக்கு அது வெறும் குப்பையாகத் தெரிந்தது. சார் ஒரு நிமிடம் பார்த்தார். "ஈ0, ஏஈ, ஏஎஃப்... இது மெமரி முகவரி இல்லப்பா, இது தமிழ்!" என்றார்.

விளக்குகிறேன். யூனிகோடு எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஈ0. இரண்டாவது பைட் ஏஈ அல்லது ஏஎஃப். இந்த அடையாளம் தெரிந்தவர்களுக்கு மெமரியில் எங்கே தமிழ் கிடந்தாலும் பளிச்சென்று தெரியும்.

முகவரி இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்து எப்படி வந்தது? எங்கள் புரோகிராமில் பொருள்கள் எல்லாம் ஒன்றை அடுத்து ஒன்றாக லிங்க்டு லிஸ்ட்டில் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஸ்ட்ரக்சர். அதில் பெயருக்கு 32 பைட் இடம், அதை ஒட்டியே அடுத்த பொருளின் முகவரிக்கு 8 பைட் பாயிண்டர், அதன் பின் அளவு, விலை. சார் இதற்கு முந்தைய பொருளின் பெயரைப் பிரிண்ட் செய்தார். "துவரம் பருப" வரை வந்து, அதன் பிறகு ஓர் உடைந்த பைட்டோடு நின்றது.

ஒரு தாளை எடுத்து எண்ணிப் பார்த்தோம். துவரம் பருப்பு என்று எழுதினால் நம் கண்ணுக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டர் அப்படி எண்ணாது. த, உகரக் குறி, வ, ர, ம, புள்ளி என்று முதல் சொல்லில் 6 குறியீடு. ப, ர, உகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று இரண்டாவது சொல்லில் 7. ஆக 13 குறியீடு, 39 பைட். நடுவில் உள்ள இடைவெளிக்கு 1 பைட். மொத்தம் 40! கடைக்காரர் முன்பு போல ஆங்கிலத்தில் டூர் தால் என்று அடித்திருந்தால் 8 பைட்டில் முடிந்திருக்கும். 32 பைட் பெட்டிக்குள் 40 பைட்டைத் திணித்ததால், மிச்சம் 8 பைட் பக்கத்தில் இருந்த பாயிண்டரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பில் போடும்போது பொருளின் எண்ணை வைத்து வேறு ஒரு பட்டியலில் தேடுவதால் பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு அறிக்கைக்காக லிஸ்ட்டை முதலிலிருந்து கடைசி வரை நடந்தபோது, துவரம் பருப்பைத் தாண்டிக் காலை வைத்ததும் புரோகிராம் விழுந்தது.

யார் திணித்தது? இதையும் சார் ஊகிக்கவில்லை. கடையின் பொருள் பட்டியலை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜிடிபிக்குள் புரோகிராமை ஓட்டினார். துவரம் பருப்பின் எண் வரும்போது மட்டும் நிற்கும்படி நிபந்தனையோடு ஒரு பிரேக்பாயிண்ட். நின்றதும் அந்தப் பாயிண்டரின் மேல் "வாட்ச்" கட்டளை. அதாவது, இந்த இடத்தின் மதிப்பை யாராவது மாற்றினால் உடனே நிறுத்து என்று ஒரு காவல். பிறகு "கன்டினியூ". கண் இமைக்கும் நேரத்தில் திரை நின்றது. பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது என்று இரண்டு வரி. மீண்டும் "பிடி". மேலே நூலகத்தின் ஸ்டிரிங் காப்பி ஃபங்ஷன். அதை அழைத்தது, புதிய பொருளைப் பட்டியலில் சேர்க்கும் ஃபங்ஷன்.

அந்த ஃபங்ஷனின் தலைப்பில், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. நீளத்தைச் சரிபார்க்காமல் காப்பி செய்திருந்தேன்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. பெயருக்கான இடத்தைப் பெரிதாக்கினேன். அளவு பார்த்து காப்பி செய்யும்படியும், வெட்ட வேண்டி வந்தால் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டாதபடியும் மாற்றினேன். மறுநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னிலையிலும் தவறு என்னுடையது என்று சொன்னேன். திட்டு எல்லோர் முன்னால் விழுந்திருக்கும்போது மன்னிப்பைத் தனியாகக் கேட்பது நியாயமில்லை அல்லவா? மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பையன் சொன்னான்: "பரவாயில்லண்ணா. ஆனா ரெண்டு நாள்ல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. என் கோடுலதான் தப்புன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

இதுதான் என்னை மிகவும் உறுத்தியது. செய்யாத தவறைச் செய்ததாக ஒருவனையே நம்ப வைக்க, என் ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

ஜிடிபி எப்படி வேலை செய்கிறது?

குனூ டிபக்கர் என்பதன் சுருக்கமே ஜிடிபி. குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேன் இதை 1986-ல் எழுதினார். அப்போதே யூனிக்ஸில் இருந்த டிபிஎக்ஸ் என்ற டிபக்கரைப் பார்த்து அமைத்தது. இன்று வரை தொடர்ந்து வளர்ந்து வருகிறது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடைக்கிறது. சி, சி++, ஃபோர்ட்ரான், கோ, ரஸ்ட் உள்படப் பல மொழிகளுக்குப் பயன்படும். 2009-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து புரோகிராமைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு.

உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை நிறுத்தவும், அதன் மெமரியைப் படிக்கவும், மாற்றவும் லினக்ஸ் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் பிடிரேஸ். ஒரு வரியில் பிரேக்பாயிண்ட் வைக்கச் சொன்னால், இன்டெல் வகைப் பிராசசரில் ஜிடிபி அந்த இடத்தில் இருக்கும் முதல் பைட்டை எடுத்துவிட்டு சிசி என்ற ஹெக்ஸ் பைட்டை வைக்கிறது. பிராசசர் அங்கே வந்ததும் நிற்கும். பார்த்து முடித்துவிட்டுத் தொடரச் சொன்னால், பழைய பைட்டைத் திரும்ப வைத்து ஓட்டும். வாட்ச் கட்டளைக்கு பிராசசருக்குள்ளேயே தனி ரிஜிஸ்டர்கள் உண்டு. இன்டெல் வகையில் இப்படி 4 முகவரிகளைக் காவல் காக்கலாம். காவலை பிராசசரே செய்வதால் புரோகிராமின் வேகம் குறையாது.

பிரிண்ட் போதாதா?

பிரிண்ட் வரிகளை நான் கேலி செய்யவில்லை. சி மொழிப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பிரையன் கெர்னிகன், நன்றாக யோசிப்பதும் தகுந்த இடத்தில் பிரிண்ட் வரி வைப்பதுமே சிறந்த வழி என்ற கருத்துடையவர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் 2000-ம் ஆண்டில், கர்னலுக்குள் டிபக்கரைச் சேர்க்க மறுத்தார். டிபக்கர் இருந்தால் ஆழமாக யோசிக்காமல் மேலோட்டமாகத் திருத்தும் பழக்கம் வரும் என்பது அவர் வாதம். பிறகு 2008-ல் 2.6.26 பதிப்பில் கேஜிடிபி என்ற வசதி கர்னலில் சேர்ந்தது.

இவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. யோசிக்காதவர் கையில் டிபக்கர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. பேக்டிரேஸின் முதல் வரியைப் பார்த்ததும் "அவன்தான்" என்று குதித்தேன் அல்லவா? கருவி பொய் சொல்லவில்லை. அது காட்டியதில் பாதியை மட்டும் படித்துவிட்டு நான் தீர்ப்புச் சொன்னேன்.

ஆனால் பிரிண்ட் வரிக்கும் குறைகள் உண்டு. பிரிண்ட்எஃப் எழுதுவது உடனே திரைக்குப் போவதில்லை. முதலில் பஃபரில் தங்கும். புரோகிராம் திடீரென்று விழுந்தால் பஃபரில் இருந்தது தொலைந்து போகும். "இங்கே வந்தேன் 7" வரவில்லை, அதனால் அந்த இடத்திற்குப் புரோகிராம் வரவே இல்லை என்று நினைத்து வேறு எங்கோ தேடுவீர்கள். தவிர, எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பிரிண்ட் வரி எழுத முடியும். ஒரு விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை அதே இடத்தில் கேட்க டிபக்கர்தான் வசதி.

மெமரிப் பிழைகளைத் தானாகவே பிடிக்கும் வால்கிரைண்ட், அட்ரஸ் சானிடைசர் போன்ற கருவிகள் இருக்கின்றனவே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். மிக நல்ல கருவிகள். கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் எங்கள் பிழையில், பெயரும் பாயிண்டரும் ஒரே ஸ்ட்ரக்சருக்குள் இருந்தன. வழிந்தது அந்த ஸ்ட்ரக்சரின் எல்லைக்குள்ளேயே. இப்படிப்பட்ட வழிதலை இந்தக் கருவிகள் சாதாரணமாகக் கண்டுகொள்வதில்லை.

கறுப்புத் திரை எதற்கு?

அழகான ஜன்னல்களோடு விஷுவல் ஸ்டுடியோ கோடு இருக்கும்போது கட்டளைகளை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. லினக்ஸில் சி புரோகிராமை அதில் டிபக் செய்யும்போது, பின்னணியில் ஓடுவது பெரும்பாலும் ஜிடிபியேதான். பட்டனை அழுத்தினால் உங்களுக்காக அது கட்டளையை அனுப்புகிறது. அடியில் நடப்பது தெரிந்தவர்களுக்கு மேலே உள்ள ஜன்னல் இன்னும் நன்றாக உதவும்.

இன்னொன்று. பிழை எப்போதும் உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரிலேயே வராது. ஊருக்கு வெளியே இருக்கும் சர்வரில் வரும். ரவுட்டர் போன்ற சின்னக் கருவிக்குள் வரும். அங்கெல்லாம் கிடைப்பது ஒரு கட்டளைத் திரை மட்டுமே. சின்னக் கருவிகளுக்காகவே ஜிடிபி சர்வர் என்ற சிறிய புரோகிராமும் உண்டு. அதைக் கருவியில் ஓட்டிவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி பிழை தேடலாம்.

ஏஐ இருக்கிறதே!

இன்று மாணவர்கள் பலரும் பிழைச் செய்தியை அப்படியே ஏஐ சாட்டில் ஒட்டிக் காரணம் கேட்கிறார்கள். நானும் கேட்பதுண்டு. பல நேரங்களில் நல்ல யோசனை கிடைக்கிறது. ஆனால் நீங்கள் பிழைச் செய்தியை மட்டும் கொடுத்தால், விழுந்த நொடியில் மெமரியில் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? சாத்தியமான காரணங்களை அடுக்கும், அவ்வளவுதான். அன்று மீட்டிங்கில் நானும் அதையேதான் செய்தேன். என் காரணமும் கேட்க நன்றாகத்தான் இருந்தது!

ஏஐ சொல்லும் காரணத்தை ஒரு சந்தேகமாக மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். உடனே டிபக்கரைத் திறந்து அது உண்மையா என்று பாருங்கள். பேக்டிரேஸையும், வேரியபிள்களின் மதிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் ஏஐ தரும் விடையும் மேம்படும். எந்த வகையிலும் டிபக்கர் தெரிந்தவருக்கே லாபம்.

வீட்டிலேயே முயன்று பாருங்கள்

வேண்டியது லினக்ஸ் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவினால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு லினக்ஸ் கிடைக்கும். அதில் ஜிசிசி, ஜிடிபி இரண்டையும் நிறுவிக் கொள்ளுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் தரும் எல்எல்டிபி உண்டு. கட்டளைகளில் சிறு மாறுதல் இருந்தாலும் வழிமுறை ஒன்றுதான்.

5 பாட மதிப்பெண்களைக் கூட்டும் சிறிய சி புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். லூப்பில் ஐ என்ற வேரியபிள் 0-லிருந்து தொடங்கி, 5-ஐ விடக் குறைவாக இருக்கும் வரை ஓட வேண்டும். அதை 5 வரை, 5 உள்பட, என்று மாற்றிவிடுங்கள். இனி இந்தப் படிகள்:

1. கம்பைல் செய்யும்போது ஜிசிசி கட்டளையில் சிறு கோடு போட்டு ஜி என்ற ஆங்கில எழுத்தைச் சேருங்கள். வரி எண்களும் வேரியபிள் பெயர்களும் டிபக்கருக்குத் தெரிவதற்கு இது அவசியம்.

2. ஜிடிபி என்று அடித்து இடைவெளி விட்டு உங்கள் புரோகிராமின் பெயரைக் கொடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஜிடிபி என்ற எழுத்துகளோடு கட்டளைக்காகக் காத்திருக்கும்.

3. "பிரேக் மெயின்" கொடுங்கள். பிறகு "ரன்". புரோகிராம் மெயினின் தொடக்கத்தில் நிற்கும்.

4. "நெக்ஸ்ட்" கொடுத்தால் ஒரு வரி ஓடும். திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். வெறும் என்டர் கீயை அழுத்தினாலே முந்தைய கட்டளை மீண்டும் நடக்கும். ஃபங்ஷனுக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் "ஸ்டெப்".

5. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் "பிரிண்ட்" கொடுத்து ஐ-யின் மதிப்பையும், அந்த இடத்து மதிப்பெண்ணையும் பாருங்கள். எல்லா லோக்கல் வேரியபிள்களையும் ஒன்றாகப் பார்க்க "இன்ஃபோ லோக்கல்ஸ்".

ஐ-யின் மதிப்பு 5 ஆனதும் லூப்புக்குள் நுழைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஆறாவது மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் ஏதோ ஒரு குப்பை எண் இருக்கும். சில சமயம் அது பூஜ்யமாகவும் இருக்கலாம். அப்போது கூட்டுத்தொகை தற்செயலாகச் சரியாக வரும், பிழை மட்டும் உள்ளேயே இருக்கும்! விடை சரியாக வந்தது என்பதற்காகப் புரோகிராம் சரி என்று நம்பக் கூடாது என்பதை இதைவிட எளிதாக யாரும் சொல்லித் தர முடியாது.

பைத்தான் கற்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அதிலும் பிடிபி என்ற டிபக்கர் கூடவே வருகிறது. பைத்தான் 3.7-லிருந்து, நிற்க வேண்டிய இடத்தில் பிரேக்பாயிண்ட் ஃபங்ஷனை அழைத்தாலே போதும். நெக்ஸ்ட், ஸ்டெப், பிரிண்ட், கன்டினியூ ஆகியவற்றுக்கு அதே ஓரெழுத்துச் சுருக்கங்களே அங்கும் பயன்படும்.

டிபக்கருக்கும் எல்லை உண்டு. வேகத்திற்காக ஆப்டிமைஸ் செய்து கம்பைல் செய்த புரோகிராமில் சில வேரியபிள்களின் மதிப்பு தெரியாது. பல திரெட்கள் ஓடும் புரோகிராமில், நிறுத்திப் பார்க்கும்போது பிழை ஒளிந்து கொள்ளலாம். நீங்கள் எண்ணியதே தவறு என்றால், எண்ணியபடி ஓடும் புரோகிராமில் டிபக்கர் ஒரு பிழையையும் காட்டாது. இவை தெரிந்தே பயன்படுத்த வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சி லேபில் பத்துப் பதினைந்து பயிற்சிகள் கொடுக்கிறீர்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். மாணவர்களைப் புரோகிராம் எழுதச் சொல்ல வேண்டாம். பிழையுள்ள ஒரு புரோகிராமைக் கொடுத்து, எந்த வரியில், எந்த வேரியபிள், எந்த மதிப்புக்கு மாறியபோது தவறு தொடங்கியது என்று டிபக்கர் உதவியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பார்த்து எழுத முடியாத பயிற்சி இது. திருத்தியதற்கு மார்க் போடுங்கள். கண்டுபிடித்த வழிக்கு அதைவிட அதிகமாகப் போடுங்கள்.

வேலைக்குப் போகும் எந்த இன்ஜினியரும் புதிதாக எழுதும் நேரத்தைவிட, ஏற்கனவே எழுதியதைச் சரி செய்யும் நேரம் குறைவாக இருக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் ஊகம் மட்டும் இருந்தால், பழி எப்போதும் அந்த அறையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும்.

அந்தப் பையன் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன் போன் செய்தான். தன் குழுவில் ஒரு பிழை வந்ததாம். எல்லோரும் புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் காட்டினார்களாம். "நான் முதல்ல கோர் ஃபைல் இருக்கான்னு கேட்டேண்ணா" என்றான்.

பிழை யாருடையதாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.